உஷார்! அழகு பார்க்கிறேன் என்று பழைய சைக்கிளின் பிரேக்கைப் பறிகொடுக்காதீர்கள்

பரணில் கிடந்த தாத்தாவின் ராலேயோ ஹெர்குலிஸோ ஹம்பரோ கீழே இறங்கிவிட்டதா? தூசி தட்டித் துடைத்து, புது ஹேண்டில்பார், பழுப்புத் தோல் சீட்டு, சந்தன நிற டயர் என்று மனத்துக்குள் ஒரு படம் போட்டு வைத்திருக்கிறீர்களா? பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போவதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் பெசன்ட் நகர் கடற்கரையோரத்திலும் இப்படி அலங்கரித்த வண்டிகள் நிறையவே வருகின்றன. தூரத்திலிருந்து பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. முன்பக்கம் பிரேக்கே கிடையாது. பின்பக்கம் பெயருக்கு ஒன்று தொங்குகிறது. அதே வண்டி திங்கட்கிழமை லஸ் முனையிலும் உஸ்மான் ரோட்டிலும் மாநகரப் பேருந்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் நுழைந்து வெளியே வரவேண்டும். ஓட்டுபவர் அறுபதைத் தாண்டியவராகவோ பள்ளிக்கூடப் பிள்ளையாகவோ இருக்கலாம். இது விளையாட்டுக் காரியமில்லை.

பிரேக் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அதைக் காப்பாற்ற முடியும். நம் வீட்டுப் பழைய கறுப்பு வண்டிகளில் கேபிள் கிடையாது. எல்லாம் கம்பி பிரேக். ஹேண்டில்பாருக்கு அடியில் ஓடும் இரண்டு பிடிகளும் ஹேண்டில்பாரிலேயே பற்றவைத்த சிறு காதுகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிடியை அழுத்தினால் கம்பிகள் வழியாக இழுவை போய், லாட வடிவத்தில் இருக்கும் இரும்பு, பிரேக் கட்டைகளை ரிம்மின் உள்பக்கத்தில் அழுத்தும். பக்கவாட்டில் பிடிப்பதே இல்லை. அதற்கென்றே அந்த ரிம்முக்கு ஓரம் உருண்டு, உள்பக்கம் இரண்டு தடங்கள் விட்டுச் செய்திருப்பார்கள். ஹேண்டில்பார், பிடி, கம்பி, லாடம், ரிம் ஐந்தும் ஒன்றை ஒன்று நம்பி நிற்பவை. ஒன்றைப் பிடுங்கினால் மற்ற நான்கும் வெறும் இரும்பு.

பட்டறையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். "அண்ணே, இந்த ஹேண்டில் ரொம்பப் பழசா இருக்கு, வேற மாட்டிடலாமா?" "தாராளமா மாட்டலாம் தம்பி, கம்பியெல்லாம் எடுத்துட்டு கேபிள் பிரேக் போட்டுத் தர்றேன், நீட்டா இருக்கும்." நீட்டாகத்தான் இருக்கும். ஆனால் கேபிள் பிரேக்கின் கவ்வி, ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும். பழைய ரிம்மின் பக்கவாட்டில் தட்டையான இடமே கிடையாது. உருண்டை விளிம்பில் பிரேக் கட்டை பாதி தொட்டும் பாதி தொடாமலும் வழுக்கும். நிறையப் பேர் இந்த நிலையில்தான் வண்டியை வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். பழைய கம்பிகள் காயலான் கடைக்குப் போயிருக்கும்; திரும்பி வராது.

ஆகவே ஹேண்டில்பாரை மாற்றுவதாக இருந்தால் கணக்கை முழுதாகப் போடுங்கள். கேபிள் பிரேக் வேண்டுமென்றால் ரிம்மும் மாறவேண்டும், அலுமினிய ரிம்மாக. ரிம் மாறினால் ஸ்போக்ஸ் மாறும், டயர் மாறும். கவ்வியின் கை நீளம் புது ரிம்மை எட்டுகிறதா என்று மாட்டுவதற்கு முன்பே அளந்து பார்க்கவேண்டும். ஃபோர்க்கின் தலையில் ஏற்கெனவே துளை இல்லையென்றால் புதிதாகத் துளை போட விடாதீர்கள். வண்டியின் முழு அடியும் விழுகிற இடம் அது. இவ்வளவுக்கும் செலவு செய்யத் தயாரில்லையென்றால் பழைய ஹேண்டில்பாரைத் தொடாமல், புதுப் பிரேக் கட்டை போட்டு, கம்பி மூட்டுகளின் தேய்மானத்தைச் சரிசெய்து ஓட்டுங்கள். நன்றாக வைத்த கம்பி பிரேக், அரைகுறைக் கேபிள் பிரேக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். ஒரு விஷயம், ரிம்மில் கோட்டம் இருந்தால் கம்பி பிரேக் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பிடிக்கும், வேறிடத்தில் விடும். கோட்டம் எடுக்காமல் பிரேக்கை மட்டும் முறுக்கிப் பிரயோசனமில்லை. காசு இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, ஸ்டர்மி ஆர்ச்சர் செய்யும் டிரம் பிரேக் ஹப். பிரேக் ஹப்புக்குள்ளேயே இருப்பதால் மழை அதைத் தொடாது.

மழை என்று சொன்னேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் டிசம்பர் வரை நம் தெருக்கள் எப்படி இருக்கும் என்று தி. நகர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் சாதாரண ரப்பர் கட்டை கிட்டத்தட்டப் பிடிப்பதே இல்லை. காய்ந்த தெருவில் நிற்கும் தூரத்தைப்போலப் பல மடங்கு ஓடிய பிறகுதான் வண்டி நிற்கும். இங்கிலாந்தில் இதற்காகவே தோல் பதித்த பிரேக் கட்டைகள் செய்தார்கள். இந்த லட்சணத்தில் இப்போது புதிதாக ஒரு மோகம் வந்திருக்கிறது. ரிம்மையும் சேர்த்துக் கறுப்பாகவோ தங்க நிறத்திலோ பவுடர் கோட்டிங் அடிக்கிறார்கள். பிரேக் கட்டை உரசும் தடத்தில் பெயின்ட் இருக்கவே கூடாது. முதலில் வழுக்கும், பிறகு உரிந்து கட்டையில் அப்பிக்கொண்டு இன்னும் வழுக்கும். பட்டறைக்காரர் ரிம்மைக் கோட்டிங்குக்கு அனுப்புகிறேன் என்றால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

டயரிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பெரிய வண்டியின் டயர் 28 × 1½. புதுக் கடையில் போய் "இருபத்தெட்டு டயர்" என்று கேட்டால் வேறு ஒரு இருபத்தெட்டையும் எடுத்துப் போடக்கூடும். பெயர் ஒன்றுதான், அளவு வேறு. பழையதன் உட்கார்மானம், அதாவது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் விட்டம், 635 மில்லிமீட்டர்; புதியதன் உட்கார்மானம் 622. சின்ன டயர் பெரிய ரிம்மில் ஏறாது, அதனால் ஆபத்தில்லை. பெரிய டயரைச் சின்ன ரிம்மில் மாட்டிக் காற்றடித்தால்தான் வினை. ஓடும்போது டயர் கழன்று டியூப் வெடிக்கும். 26 அங்குலத்திலும் இதே குழப்பம் உண்டு. 26 × 1⅜ என்பது 590, 26 × 1.75 என்பது 559. டயரின் பக்கவாட்டில் 40-635, 37-590 என்று சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். சந்தன நிற டயர் பார்க்க லட்சணம்தான். ஆனால் டயரைக் கறுப்பாக்கும் கார்பன் பொடிதான் அதற்குத் தேய்மானத்தையும் வெயிலையும் தாங்கும் பலத்தைத் தருகிறது. அது இல்லாத வெளிர் டயர், திறந்தவெளியில் நிற்கும் வண்டியில் சீக்கிரம் வெடிப்பு விடும். நிழலில் வைக்க இடம் இருந்தால் மட்டும் போடுங்கள், பக்கவாட்டை அடிக்கடி பாருங்கள்.

இனி ஃபிரேம். சாந்தோமிலும் அடையாறிலும் பெசன்ட் நகரிலும் வசிப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். கடல் காற்று இரும்பை வெளியிலிருந்து தின்பது கண்ணுக்குத் தெரியும். உள்ளேயிருந்து தின்பது தெரியாது. சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கிராங்க் இருக்கும் உருளைக்குள் தேங்கி, அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்களை அரித்துவிடும். சீட்டுக் கம்பத்தை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். சிவப்புத் துகள் கொட்டினால் பெயின்ட் பேச்சே வேண்டாம். ஃபோர்க்கின் தலை, ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு குழாய்கள் சேரும் இடம், இந்த இரண்டிலும் பழைய பெயின்டில் மெல்லிய சுருக்கமோ மயிரிழைக் கீறலோ இருந்தால், என்றைக்கோ எதிலோ மோதிய வண்டி அது. அழகுக்கு அவசரப்பட்டு மணல் பீய்ச்சி, கோட்டிங் அடித்துவிட்டால் இந்தச் சாட்சிகள் அத்தனையும் மறைந்துபோகும். மணலைக் கண்மண் தெரியாமல் பீய்ச்சினால் ஏற்கெனவே மெலிந்த குழாய் இன்னும் மெலியும். கேரியருக்கோ ஸ்டாண்டுக்கோ என்று சொல்லி ஃபிரேமில் வெல்டிங் பொறி படவே விடாதீர்கள். அந்தக் குழாய்கள் பித்தளை உருக்கி இணைத்தவை. ஆர்க் வெல்டிங் சூட்டில் பக்கத்துக் குழாயின் பலம் போய்விடும். ஃபிரேமில் வெட்டியிருக்கும் எண்ணையும், தலைக்குழாயில் ஆணியடித்த பித்தளைச் சின்னத்தையும் தேய்க்காமல் காப்பாற்றச் சொல்லுங்கள். வெளியே பழைய வண்டி வாங்குபவர்கள், அந்த எண் தேய்ந்திருந்தால் வாங்கவே வேண்டாம். திருட்டு வண்டியாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

உதிரி பாகங்கள் கிடைக்குமா என்றால், கிடைக்கும், ஆனால் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நம் ஊரில் பாதி வண்டிகள் அம்பத்தூரில் பிறந்தவை. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ்தான் ஹெர்குலிஸையும் பிலிப்ஸையும் பி.எஸ்.ஏ.வையும் இங்கே தந்தது. அவற்றுக்கு ரத்தன் பஜாரில் தேடினால் பெரும்பாலும் ஏதாவது அகப்படும். நாட்டிங்ஹாமில் செய்த அசல் ராலேயின் கதை வேறு. மற்றவர்கள் அங்குலத்துக்கு 24 மரை வைத்தபோது ராலே தன் கிராங்க் கப்புக்கும் ஃபோர்க்குக்கும் 26 மரை வைத்தது. 24 மரைக் கப்பை அதில் பலவந்தமாகத் திருகினால் முதல் இரண்டு சுற்று போகும், பிறகு ஃபிரேமின் மரையையே அறுத்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஃபிரேமைச் சீர்செய்வது பெரும்பாடு. வந்தது ராலே என்றால் பழைய கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். புதுப் பால்ரஸ் போட்டு, கிரீஸ் வைத்து அதையே பூட்டச் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசத்தின் சாஹிபாபாதில் இருந்த அட்லஸ் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்தியது. பழைய பாகங்கள் இனிமேல் குறையத்தான் செய்யும். கையில் இருப்பதைக் காயலான் விலைக்கு விடவேண்டாம்.

கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கழற்றும்போது அடியில் முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் ஓங்கி அடித்தால், அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ரஸ்மீதும் கப்பின்மீதும் இறங்கும். மறுபடி மாட்டும்போது நட்டை முறுக்கியே பின்னை உள்ளே இழுக்கக்கூடாது. தட்டி இறக்கிய பிறகு நட்டு காவலுக்குத்தான். இரண்டு பக்கத்துப் பின்களும் எதிரெதிர்த் திசையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கிராங்குகள் ஒரே கோட்டில் நிற்காமல் கால் நொண்டும். புதிதாக மாட்டி ஓரிரு நாள் ஓட்டியதும் மறுபடி இறுக்கச் சொல்லி வாங்குங்கள். இடது பெடல் எதிர்த்திசை மரை என்பதையும் மறக்காதீர்கள். வீட்டில் நீங்களே மாற்றும்போது அவசரத்தில் கிராங்கின் மரை போகும்.

இப்போது உடம்புக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் உட்காரும் உயரத்தைப் பார்ப்பதே இல்லை. இந்தப் பழைய வண்டிகள் 22 அங்குலம், 24 அங்குலம் என்று ஃபிரேம் அளவில் வந்தவை. 24 கம்பீரமாகத் தெரியும். வண்டியின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்று பாருங்கள். பாருக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடைவெளியாவது இல்லையென்றால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. திடீரென்று இறங்க நேரும்போது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சீட்டின் உயரத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. யாரையாவது வண்டியைப் பிடிக்கச் சொல்லி, சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் அப்போது நேராக நீளவேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் தானாகவே லேசாக மடிந்திருக்கும். இதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் சில்லின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும், முதுகு கெடும். முப்பது வருஷம் கழித்து மறுபடி ஏறும் அப்பாக்களுக்கு மட்டும் முதல் சில வாரம் அரை அங்குலம் இறக்கியே வையுங்கள், கால் ஊன்றிப் பழகட்டும்.

உயரம் போதவில்லை என்று சீட்டுக் கம்பத்தை மேலே மேலே இழுப்பார்கள். கம்பம் குழாய்க்குள் குறைந்தது இரண்டரை அங்குலம் இருந்தே ஆகவேண்டும். பழைய கம்பங்களில் எல்லைக் கோடு இருக்காது. நீங்களே கோணி ஊசியால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரின் தண்டுக்கும் இதே விதிதான். அங்கே உடைந்தால் முகம் குப்புற விழுவீர்கள். ஹேண்டில்பாரின் இரு முனையும் பின்னோக்கி வளைந்து வரும் மாடலில், சீட்டை முன்னால் தள்ளி வைத்திருந்தால், பனகல் பூங்கா அருகே சட்டென்று திரும்பும்போது பிடி முழங்காலில் முட்டும். நின்ற இடத்தில் ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

சீட்டு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது அகலம். நிமிர்ந்து உட்கார்ந்தால் எடை முழுவதும் இடுப்பு எலும்பின் இரண்டு முனைகளில் இறங்கும். அதற்கு ஸ்பிரிங் வைத்த அகல சீட்டு வேண்டும். குனிந்து ஓட்டும் நேர் ஹேண்டிலைப் போட்டுவிட்டு அதே அகல சீட்டை வைத்தால் தொடை உரசிப் புண்ணாகும். மூக்குப் பக்கம் தூக்கி நிற்கும் சீட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும். அப்படி மரத்துப்போவதை வயசாகிவிட்டது என்று ஒதுக்காதீர்கள், சீட்டை மட்டமாக்குங்கள். 1866-ல் தொடங்கிய புரூக்ஸின் பெயரை அச்சடித்த போலிகள் வருவதால், தோலா ரெக்ஸினா என்று அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அசல் தோல் அடியில் சொரசொரப்பாக இருக்கும். தோல் சீட்டுக்குத் தேங்காயெண்ணெய் தாராளமாகத் தடவுவது நம் ஊர்ப் பழக்கம். அது வேண்டாம். ஊறிய தோல் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும், அப்புறம் நடுக்கம்பி பிருஷ்டத்தில் இடிக்கும்.

மூன்று கியர் ஹப் இருக்கும் அதிர்ஷ்டசாலிகளுக்குத் தனி எச்சரிக்கை. ஸ்டர்மி ஆர்ச்சர் 1902 முதல் மூன்று கியர் ஹப் செய்கிறது. அதில் மிகப் பரவலான ஏ.டபிள்யூ. வகையில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே எதையும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. கேபிள் சற்றே தளர்ந்திருந்தால் நீங்கள் பலமாக மிதிக்கும் நேரம் பார்த்துப் பெடல் காற்றில் சுற்றும். சீட்டிலிருந்து எழுந்து நின்று பாலம் ஏறும்போது அப்படி நடந்தால் நேராகப் பாரின்மேல் விழுவீர்கள். அச்சின் முனையிலிருந்து வரும் சின்னச் சங்கிலியைத் திருகிச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. அதைத் தெரிந்தவரிடம் செய்துகொள்ளாமல் தெருவுக்கு எடுக்காதீர்கள். ஒற்றைக் கியர்க்காரர்கள் பாலத்தில் மூச்சு வாங்கினால், பின்னால் இருக்கும் பதினெட்டுப் பல் ஃப்ரீவீலுக்குப் பதில் இருபதோ இருபத்திரண்டோ போட்டுக்கொள்ளலாம். முழங்காலுக்கு நிம்மதி, செலவும் குறைவு.

'நவீனமாக' ஆக்குகிறேன் என்று முழுச் செயின் கவரையும் பின் சக்கரத்தின் சேலை வலையையும் கழற்றி எறிவதைப் பார்க்கும்போது கோபமே வருகிறது. இது வேட்டியும் புடவையும் துப்பட்டாவும் ஓடும் ஊர். அந்த இரண்டும் இருந்ததால் எத்தனை கணுக்கால்கள் தப்பின. மறுபடி மாட்டச் சொல்லுங்கள். முன்னால் பிரம்புக் கூடை கட்டினால் விளக்கை அது மறைக்காதபடி கீழே இறக்கி வையுங்கள், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாமல் இருட்டில் எடுக்காதீர்கள்.

கடைசியாக, இப்போது பரவும் மோட்டார் கிட். பழைய வண்டியின் முன் சக்கரத்தில் மோட்டார் ஹப் மாட்டி, பாரில் பேட்டரியைத் தொங்கவிட்டுத் தருகிறார்கள். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டிருந்தால்தான் சட்டம் அதற்குப் பதிவிலிருந்து விலக்கு தருகிறது. அதைத் தாண்டிய கிட் மாட்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் தேவை. சட்டத்தைவிட எனக்குப் பயம் ஃபோர்க்கைப் பற்றி. நிதானமாக மிதித்துப் போகத் தந்த ஃபோர்க் அது. மோட்டாரின் முறுக்கம் அச்சைச் சுழற்றிப் பிளவிலிருந்து பிடுங்கிவிடும். அச்சை இறுக்கிப் பிடிக்கும் தனிக் கை இல்லாமல் மாட்டவே கூடாது. கம்பி பிரேக் உள்ள வண்டியில் அந்தக் கை இருந்தாலும் கூடாது.

வண்டி தயாராகிவிட்டது என்று பட்டறையிலிருந்து அழைத்தால் மீதிப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு போங்கள். கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையையும் ஒரு சாக்கில் கேட்டு வாங்குங்கள். பிறகு இரண்டு ரிம்மிலும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, ஆள் நடமாட்டமில்லாத சந்தில் மெதுவாக ஓட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.